க/பெ

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சம்பளப் பிரிவில் பல வருஷங்கள் குமாஸ்தாவாக இருந்தேன். புதிதாக வேலைக்கு எடுக்கும் பெண்களுக்கு அட்டை எழுதுவது என் பொறுப்பு. விடிந்தும் விடியாததுமாகக் கம்பெனி பஸ்கள் பேர்ணாம்பட்டு, மாதனூர், குடியாத்தம் பக்கங்களிலிருந்து அவர்களைக் கொண்டுவந்து இறக்கும். பெயர், வயது, ஊர் கேட்டு எழுதியபின் ஒரு கட்டம் வரும்: த/பெ அல்லது க/பெ. தகப்பன் பெயர், இல்லையென்றால் கணவர் பெயர். அதை நிரப்பாத அட்டை செல்லாது. ஒரு நாள் பேர்ணாம்பட்டுப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், "அப்பன் செத்தாச்சு. புருஷன் வுட்டுட்டுப் போயி பத்து வருஷமாச்சு. யார் பேர எய்துவீங்க சார்?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நான் ஓடிப்போனவன் பெயரை எழுதினேன். அவன் பெயரின் நிழலில் அவள் அடுத்த பல வருஷங்கள் அப்பர் தைத்தாள்.

சரித்திரத்தில் அதிகாரம் செலுத்திய பெண்களைப் பற்றி எழுதத் தொடங்கும்போதெல்லாம் அந்தக் கட்டம் என் முன்னால் வந்து நின்றுகொள்கிறது. நம் பத்திரிகைகளில் இந்த விஷயம் எழுதப்படும் விதம் எல்லாருக்கும் தெரிந்ததே. கிளியோபாட்ராவின் மூக்கில் தொடங்கி, ரஸியாவுக்கு ஒரு பத்தி, ஜான்ஸி ராணிக்குக் குதிரையோடு ஒரு பத்தி, நம் பங்குக்குக் குந்தவை. குந்தவை என்றதும் வருவதும் சாஸனங்களின் குந்தவையல்ல, 1950-54-இல் கல்கியில் தொடராக வந்த குந்தவைதான். ராணிகளை வரிசையில் நிறுத்திவிட்டால் பெண்களுக்கு நியாயம் செய்துவிட்டதாக ஒரு திருப்தி. அவர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே விடப்பட்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தால் மிகப் பழைய சான்றே ஆச்சரியமாக இருக்கிறது. சுமேரியர்களின் அரசர் பட்டியலில் ஒரே ஒரு பெண் பெயர் உண்டு. கிஷ் நகரத்தை ஆண்ட குபாபா. அவளை இன்னார் மகள் என்றோ இன்னார் மனைவி என்றோ பட்டியல் சொல்லவில்லை. சாராயக் கடைக்காரி என்கிறது. கிஷ்ஷின் அஸ்திவாரத்தை உறுதிசெய்தவள், நூறு வருஷம் ஆண்டாள் என்கிறது. நூறு வருஷத்தை நாம் நம்ப வேண்டியதில்லை, அந்தப் பட்டியலில் ஆயிரக்கணக்கான வருஷம் ஆண்ட ஆண்களும் இருக்கிறார்கள். முக்கியமானது, அவளுடைய தொழில் அவளுடைய அடையாளமாக இருக்கிறது என்பது. அவளுக்குப் பின் பட்டத்துக்கு வந்த பூஸுர்-ஸுவேனைப் பட்டியல் குபாபாவின் மகன் என்று பதிகிறது. மகனின் கட்டத்தில் தாயின் பெயர். பிறகு என்ன நடந்தது என்றும் தெரிகிறது. பின்னால் வந்த மெஸபொடேமியச் சகுன நூல்கள், ஆண்குறியும் பெண்குறியும் சேர்ந்து பிறக்கும் விகாரக் குட்டியைக் குபாபாவின் சகுனம் என்று வகைப்படுத்தின. அது நாட்டுக்குக் கேடு. அரசாண்ட பெண்ணை ஊரார் ஞாபகம் வைத்துக்கொண்ட லட்சணம் இது.

எகிப்தின் ஹட்ஷெப்ஸுட் கதை நன்கு தெரிந்தது என்பதால் சுருக்கிவிடலாம். கி.மு. 15-ஆம் நூற்றாண்டு. அரசனின் மகள், அரசனின் சகோதரி, அரசனின் பட்டத்தரசி, ஆமூன் தெய்வத்தின் மனைவி: இத்தனையும் அவளுடைய பட்டங்கள், அத்தனையும் க/பெ, த/பெ தான். கணவன் இறந்ததும், சக்களத்தி மகனான சிறுவன் மூன்றாம் துட்மோஸுக்குப் பொறுப்பாளியாக ஆட்சியில் அமர்ந்தவள், சில வருஷங்களில் தானே அரசன் என்று முடிசூடினாள். அரசி என்று இல்லை, அரசன் என்று. சிற்பங்களில் ஒட்டுத்தாடியும் ஆண் மார்பும் வந்தன. அதே சமயம் கல்லில் பெயருக்குப் பக்கத்தில் பெண்பால் விகுதிகள் தொடர்ந்தன. எழுத்து ஒன்று சொல்ல, உருவம் வேறொன்று சொல்லும் அந்தத் தடுமாற்றம்தான் என்னை அதிகம் பாதிக்கிறது. பதவிக்கு மொழியில் ஆண்பால் மட்டுமே இருக்கும்போது, அதில் அமரும் பெண் என்னதான் செய்வாள்? அவள் இறந்து இருபது வருஷங்களுக்குப் பிறகு அவளுடைய பெயரும் உருவமும் சுவர்களில் செதுக்கி எடுக்கப்பட்டன. சிலைகள் உடைக்கப்பட்டதில் ஒரு பகுதி வெறுப்பால் நேர்ந்ததில்லை, பழைய சிலைகளின் சக்தியை அடக்கும் சடங்கு என்று அண்மை ஆராய்ச்சி சொல்கிறது. சுவரில் பெயரை வெட்டி எடுத்ததற்கு அந்தச் சமாதானம் போதாது.

நமக்குப் பக்கத்திலேயே, ஓரங்கல்லில், காகதீய கணபதிதேவன் தன் மகள் ருத்ராம்பாவை ருத்ரதேவ மஹாராஜா ஆக்கினான். 1262 வாக்கிலிருந்து 1289 வரை அவள் ஆண்டாள். ஆண் பெயர், ஆண் உடை. இரண்டு நாகரிகங்கள், நடுவில் இரண்டாயிரத்து எழுநூறு வருஷங்கள். தீர்வு ஒன்றே.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். பாலாற்றுக்கு வடகரையில், ஆற்காட்டுக்கு எதிரே, ராணிப்பேட்டை. தோல் பதனிடும் ஊர். 2019-இல் மாவட்டத் தலைநகரும் ஆகிவிட்டது. ஒரு மாவட்டமே ராணியின் பெயரில் இருக்கிறது என்று பெருமைப்படலாம். எந்த ராணி? செஞ்சி தேசிங்கின் மனைவி. 1714-இல் தேசிங்கு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்தான். அவன் மனைவி உடன்கட்டை ஏறினாள். அதை மெச்சி நவாப் இந்த ஊரை உண்டாக்கினான் என்பது வழக்கு. ஊரின் பெயரில் அவள் பெயர்கூட இல்லை, பட்டம் மட்டும்தான். அந்தப் பட்டமும் அவள் ஆண்டதற்குக் கிடைத்ததில்லை, எரிந்ததற்குக் கிடைத்தது. ஆண்ட பெண்ணின் பெயரைச் சுவரிலிருந்து செதுக்கி எடுப்பதும் எரிந்த பெண்ணின் பட்டத்தை ஊருக்கு வைப்பதும் ஒரே மனத்தின் காரியங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலூர்க் கோட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1806 ஜூலை சிப்பாய்ப் புரட்சிக்கு முந்தின நாள், ஒன்பதாம் தேதி, கோட்டைக்குள் கல்யாணம் நடந்தது. நான் படித்த பாடப் புத்தகங்கள் எல்லாமே மணமகளை 'திப்புவின் மகள்' என்பதோடு விட்டன. அது போகட்டும். அதே கோட்டையில் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் நடந்ததுதான் என் விஷயத்துக்கு நெருக்கமானது.

விஜயநகரத்தின் கடைசிப் பெரிய அரசன் இரண்டாம் வேங்கடபதி 1614 அக்டோபரில் இறந்தான். அப்போது வேலூர் அவன் தலைநகர். அவனுக்குப் பல ராணிகள், ஒருத்தியிடமும் ஆண் வாரிசு இல்லை. மிகுந்த செல்வாக்குள்ளவள் கொப்பூரி குடும்பத்துப் பெண், பாயம்மா. மானுவல் பராதாஸ் என்ற ஏசு சபைப் பாதிரி 1616 டிசம்பரில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதம், இந்தக் கதையை நமக்குச் சொல்லும் முக்கியமான சான்று. (ராபர்ட் ஸீவெல் 1900-இல் தம் விஜயநகரப் புத்தகத்தில் அதை இங்கிலீஷில் சேர்த்துக் கொடுத்தார்.) பாயம்மா கர்ப்பிணி போல நடித்து, ஒரு பிராமணப் பெண்ணின் குழந்தையை வாங்கித் தன் குழந்தை என்று காட்டினாளாம். அரசனுக்கு உண்மை தெரியும். அவள்மேலிருந்த பிரியத்தால் வெளியே சொல்லவில்லை. சாகும்போது மட்டும் பட்டத்தை அண்ணன் மகன் ஸ்ரீரங்கனிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

பிறகு நடந்தது ரத்தக் களரி. கொப்பூரி ஜக்கராயன் 'மகன்' கட்சி. ஸ்ரீரங்கன் சிறைப்பட்டு, கோட்டைக்குள்ளேயே குடும்பத்தோடு அழிக்கப்பட்டான். அவனுடைய ஒரு பையன் ராமன் மட்டும் தப்பினான். எப்படி என்றால், அரண்மனைத் துணி வெளுக்கும் வண்ணார் ஒருவர், அழுக்கு மூட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுபோனார். விசுவாசியான யாசம நாயக்கனின் ஏற்பாடு. இரு தரப்பும் தெற்கே தோப்பூரில் மோதின, ஜக்கராயன் செத்தான், ராமன் அரசனானான், 1632 வரை இருந்தான். விஜயநகரத்தில் மிச்சமிருந்த பலம் இந்தச் சண்டையில் போயிற்று.

வரலாற்றுப் புத்தகங்களில் பாயம்மா ஒரு மோசக்காரி, வஞ்சகி. பெண் புத்தி பேரரசைக் கெடுத்தது என்று சொல்லாமல் சொல்லுவார்கள். எனக்கும் அவளைப் புனிதப்படுத்தும் எண்ணமில்லை. ஆனால் மோசம் எந்த இடத்தில் செய்யப்பட்டது என்று பாருங்கள். அவள் கஜானாவைத் திருடவில்லை, விஷம் வைக்கவில்லை. வயிற்றில் மோசம் செய்தாள். அந்த அமைப்பில் ஒரு பெண்ணுக்கு அதிகாரத்தை வாங்கித்தரும் ஒரே பத்திரம் அதுதான், அவளிடம் அது இல்லை, போலிப் பத்திரம் தயாரித்தாள். அண்ணன் மகன் என்ற பத்திரத்தின் நியாயத்தை யாரும் விசாரிப்பதில்லை. இதே கடிதம், வேங்கடபதியின் சிதையில் மூன்று ராணிகள் விழுந்ததையும் சொல்கிறது. அவர்கள் வயதைச் சொல்கிறது, பெயரைச் சொல்லவில்லை. அவர்கள்மேல் எந்த வரலாற்றாசிரியனுக்கும் புகார் கிடையாது.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருக்கலாம். சில வருஷங்களுக்கு முன்னால் எழுதியிருந்தால் முடித்திருப்பேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பழைய வட ஆற்காட்டின் ஜைனக் குன்றுகளைச் சுற்றத் தொடங்கியதால் முடிக்க முடியாமல் போயிற்று.

முதலில் போனது போளூருக்குப் பக்கத்துத் திருமலை. அங்கே பாறையில் ராஜேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டு சாஸனம் இருக்கிறது, 1025 வாக்கில் வெட்டியது. கங்கைப் படையெடுப்புக்கு ஆதாரமாகப் பள்ளிக்கூடப் புத்தகத்திலிருந்து பல்கலைக்கழகம் வரை எடுத்தாளப்படும் சாஸனம். வனவாசி, கொள்ளிப்பாக்கை, ஈழம், ஒட்ட விஷயம், தண்டபுத்தி, வங்காள தேசம், கங்கை என்று ஜெயித்த நாடுகள் அடுக்கடுக்காக வரும். அத்தனை நாடுகளையும் தாண்டி முடிவுக்கு வந்தால் விஷயம் இவ்வளவுதான்: பெரும்பாணப்பாடியில், அதாவது நம் பாலாற்றுப் பக்கத்து நாட்டில், கரைவழி மல்லியூரில் இருக்கும் வியாபாரி நன்னப்பய்யனின் மனைவி சாமுண்டப்பை, இந்த மலைமேல் குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தாவிளக்கு வைத்தாள். விளக்குக்கு இருபது காசு, திருவமுதுக்குப் பத்துக் காசு. கல்லை வெட்டியதே அவளுடைய முப்பது காசுக்காக. சோழனின் திக்விஜயம் அதற்கு முகவுரை. புத்தகங்களில் முகவுரை தங்கிவிட்டது, சாமுண்டப்பை உதிர்ந்துவிட்டாள்.

கோவிலின் பெயரே ஒரு பெண் பெயர் என்பதையும் கவனிக்கலாம். குந்தவையின் செல்வாக்கு நிஜமானது. தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜன், தான் கொடுத்தவற்றுக்கு அடுத்தபடி அக்கன் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டச் சொல்கிறான், தன் தேவிமார் அதற்கும் பிறகுதான் வருகிறார்கள். ஆனாலும் அவளைச் சொல்லும்போது அதே கோவில் கல்வெட்டுகள் ராஜராஜனின் தமக்கை, வந்தியத்தேவனின் மாதேவி என்றே எழுதும். கட்டம் பொன்னால் செய்திருக்கலாம். கட்டம் கட்டம்தான்.

அடுத்தது ஆற்காட்டுப் பக்கம், பஞ்சபாண்டவர் மலை. கல்வெட்டுகளில் அதன் பெயர் திருப்பான்மலை. நந்திப்போத்தரசரின் 50-ஆம் ஆண்டில் அங்கே பொன்னியக்கியார் உருவத்தைச் செதுக்கச் செய்திருக்கிறார்கள். குகைக்குள் அந்த இயக்கி இன்னும் அமர்ந்திருக்கிறாள். தெய்வமானால் பெண்ணுக்கு முழு அதிகாரம் தருவதில் நமக்குத் தயக்கமே இருந்ததில்லை. அதே மலையில் ராஜராஜனின் 8-ஆம் ஆண்டு, 992-93 வாக்கில், இலாடராஜன் வீரசோழனின் சாஸனம். பள்ளிக்குச் சேர வேண்டிய கூறகன்பாடி வருமானத்தில் கற்பூரவிலை என்றும் வேறொரு இறை என்றும் சிற்றரசர்கள் கைவைத்து வந்தார்கள், தர்மம் கெட்டுக்கொண்டிருந்தது. அவனுடைய தேவி இலாடமாதேவி, அவற்றை விட்டுவிட வேண்டும் என்று அவனிடம் விண்ணப்பம் செய்தாள். அவன் விட்டான். வரி விதிப்பில் தலையிட்டது, நல்ல அரசியல்தான். ஆனால் அது கல்லில் ஏற வேண்டுமானால் விண்ணப்பம் என்ற வினைச்சொல்லில்தான் ஏற முடியும்.

மலைக்குப் பக்கத்திலேயே விளாப்பாக்கம். ஆற்காட்டிலிருந்து திமிரி போகும் வழி. அந்த ஊர்க் கல்வெட்டைப் பற்றி ஒரு நண்பர் எழுதிக் கொடுத்த குறிப்பை வைத்துக்கொண்டுதான் போனேன். முதல் வாசிப்பில் 'குறத்தி' என்று படித்தேன். கை தவறி றகரம் ரகரமாகிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி, மனசுக்குள் நண்பரைத் திருத்திக்கொண்டேன். மலைப்பக்கம், குறத்தி, கிணறு வெட்டினாள், சரிதான். வெகு நாள் கழித்துத்தான் தப்பு என்னுடையது என்று புரிந்தது. குறத்தி இல்லை, குரத்தி. குரவன் என்பதற்குப் பெண்பால். ஆசிரியை, ஆசாரியை. 'குரு' என்பதற்குத் தமிழ் ஒரு பெண்பால் செய்து வைத்திருந்திருக்கிறது. அதைப் புழக்கத்தில் வைத்திருந்த ஜில்லாவிலேயே பிறந்து, இலக்கியம் பேசி, பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு அந்தச் சொல் எழுத்துப்பிழையாகத் தெரிந்தது.

பராந்தகனின் 38-ஆம் ஆண்டு, 945 வாக்கு. திருப்பான்மலை அரிஷ்டநேமிப் பிடாரரின் மாணாக்கி பட்டினிக் குரத்தி அடிகள் விளாப்பாக்கத்தில் ஒரு கிணறு வெட்டினார். அந்தக் கிணறும் அதைச் சேர்ந்த மனையும் பெண்பள்ளியாக ஆக்கப்பட்டு இருபத்துநால்வர் என்ற குழுவின் பொறுப்பில் விடப்பட்டன. பட்டினி என்பது நோன்பு நோற்றதால் வந்த பெயர். இதில் என்னை நிறுத்தியது கிணறோ பள்ளியோ அன்று. கட்டம். தகப்பன் பெயரும் கணவன் பெயரும் இருக்க வேண்டிய இடத்தில் ஆசிரியர் பெயர். இன்னார் மாணாக்கி.

இது ஒற்றை உதாரணம் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். வந்தவாசிப் பக்கம் வேடல். கல்வெட்டில் சிங்கபுர நாட்டு விடால். ஆதித்த சோழனின் 14-ஆம் ஆண்டு, 885 வாக்கு. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கி கனகவீரக் குரத்தியார், அவரிடம் பிள்ளைகள் ஐந்நூறு பேர். அங்கே ஒரு பூசல் வந்திருக்கிறது, மறு பக்கத்தில் நானூறு பேர். முடிவில் உள்ளூரார் இந்தக் குரத்தியாரையும் அவர் பிள்ளைகளையும் காப்பாற்றிச் சோறு போடுவதாகக் கல்லில் ஒப்புக்கொடுத்திருக்கிறார்கள். தெற்கே கழுகுமலையில் இப்படிப் பல குரத்தியர் உருவங்கள் செய்வித்துப் பெயர் பொறித்திருக்கிறார்கள். அவர்களில் மிழலூர்க் குரத்தி, பேரூர்க் குரத்தியின் மாணாக்கி. அதாவது ஒரு பெண்ணின் கட்டத்தில் இன்னொரு பெண்ணின் பெயர். குபாபாவின் மகனுக்குப் பிறகு எனக்குக் கிடைத்த இரண்டாவது சான்று இது. இதில் வயிறு சம்பந்தப்படவில்லை.

இதை அரசியல் அதிகாரம் என்பாயா, மடத்துச் சமாசாரம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் மார்க்ஸியர், கேள்வி நியாயமானது. படை இல்லை, வரி இல்லை, முடி இல்லை. ஆனால் ஐந்நூறு பேருக்குச் சோறு எங்கிருந்தோ வர வேண்டும். அதற்கு நிலம் வேண்டும், நிலத்துக்கு ஊரார் சம்மதம் வேண்டும், பூசல் என்று வந்தால் ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்க, ஒரு பக்கம் தன் பக்கமாக வேண்டும். இதற்குப் பெயர் அரசியல் இல்லையென்றால் வேறு எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. கிணறு வெட்டுவதைப் பற்றி நம் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டேனரிக் கழிவு பாலாற்றிலும் கிணறுகளிலும் இறங்கி, வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பும் வந்த பூமி இது. நல்ல தண்ணீர் யார் வசம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த முதல் அரசியல்.

நண்பரின் சந்தேகத்தில் இன்னொரு பாதி உண்டு. அது எனக்கும் உண்டு. திகம்பர சமயம் பெண் உடம்பில் முக்தி இல்லை என்று சொன்னது. பாடம் சொல்லலாம், பள்ளி நடத்தலாம், கடைசி வாசல் மட்டும் அடைப்பு. பட்டினிக் குரத்திக்கும் கனகவீரக் குரத்திக்கும் மேலே ஆசிரியர் என்று ஓர் ஆண் பெயர் இருக்கத்தான் செய்கிறது. குடும்பத்தை விட்டு வந்தவர்களுக்கு மட்டுமே இந்த ஸ்தானம் கிடைத்தது என்பதும் சின்ன விலையல்ல. பத்தாம் நூற்றாண்டுக்குப் பிறகு குரத்தி என்ற சொல் கல்வெட்டுகளில் அருகிப்போகிறது. சோழர் காலம் பொற்காலம் என்று கொட்டு முழக்குகிறவர்கள், அந்தக் காலத்தில்தான் இது நடந்தது என்பதையும் எங்காவது ஒரு அடிக்குறிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். தஞ்சைக் கோவிலில் நானூறு தளிச்சேரிப் பெண்டுகள் குடியேறியதை நாம் பெருமையாக எழுதுகிறோம். வேடலின் ஐந்நூறு பிள்ளைகளைப் பற்றி ஒரு சரித்திர நாவலும் வரவில்லை. வராமலிருப்பது நல்லதுதான் என்று சில சமயம் தோன்றுகிறது. வந்தால் கனகவீரக் குரத்தியாருக்கு ஒரு காதலன் முளைத்துவிடுவான்.

2021 அக்டோபரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்பட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-இல் சட்டம் திருத்தப்பட்டிருந்தது. தேர்தல் முடிந்து சில மாதங்கள் கழித்து, ஒரு கல்வெட்டைத் தேடிப் போன கிராமத்தில் வழி கேட்க ஊராட்சி ஆபீஸில் நுழைந்தேன். தலைவர் நாற்காலியில் ஒருவர் இருந்தார். தலைவர் நீங்களா என்றேன். "நான்தாங்க. கையெழுத்து வீட்ல போடுவாங்க" என்றார். 'வீட்ல' என்பது மனைவி. ஹட்ஷெப்ஸுட்டுக்கு ஒட்டுத்தாடி தேவைப்பட்டது. இங்கே தாடியே தனியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டிருந்தது. மனிதர் நல்லவர்தான், டீ வாங்கிக் கொடுத்தார், பாறை இருக்கும் இடத்தையும் காட்டினார். ஆனால் எல்லா ஊரும் இப்படி என்று சொல்ல மாட்டேன். இன்னொரு ஊரில், மோட்டார் போடாத ஆப்பரேட்டரைத் தெருவில் நிறுத்தி ஒரு தலைவி கேட்ட கேள்விகளை நானே கேட்டிருக்கிறேன். புருஷன் எங்கே இருந்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

பேர்ணாம்பட்டு அம்மாளை மறுபடி ஒரு முறை பார்த்தேன், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம். பி.எஃப். வாரிசுப் படிவத்தை மாற்ற வேண்டுமென்று வந்தாள். முன்பு நான் எழுதியிருந்த புருஷன் பெயரை அடிக்கச் சொன்னாள். அந்த இடத்தில் அவள் சொன்னது, தையல் வரிசையில் அவளுக்குப் பக்கத்து மிஷினில் இருந்த வயதான ஒருத்தியின் பெயர். பெயருக்கு எதிரே ஒரு கட்டம், உறவுமுறை.

"உனக்கு அக்காவா?" என்று கேட்டேன்.

"கூடப் பொறந்தவங்க இல்ல சார். மிஷினு சொல்லிக் குடுத்தவங்க."

அப்படி ஒரு உறவு படிவத்தில் கிடையாது என்றேன். மேலே அனுப்பினால் திருப்பிவிடுவார்கள் என்றேன். அவள் கொஞ்ச நேரம் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விளாப்பாக்கத்துக் குறிப்பு அப்போது என் கைக்கு வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் றகரமாகத்தான் படித்திருப்பேன். சகோதரி என்று எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஷிஃப்டு மணி அடித்துவிட்டதால், வேகமாகப் போனாள்.